தோட்ட அலுவலகத்திலிருந்து நிறுவன மென்பொருளுக்குள் நுழைந்த அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டை அடுத்த எங்கள் செம்பனைத் தோட்டத்தில் செக்ரோல் எனும் தொழிலாளர் வருகைப் பதிவுப் புத்தகமும் வாட்ஸ்அப் குழுவும் பார்த்துவந்த வேலையை, இணையவழி அலுவலக மென்பொருள் ஒன்றுக்கு மாற்றும்படி தலைமையகம் உத்தரவிட்டது. மென்பொருளைப் பழகிக்கொள்வதில் சிரமம் இருக்கவில்லை. அதற்குள் நுழைவதுதான் இழுபறியானது. தொழிலாளர்களை மேற்பார்க்கும் மண்டோர்களுக்கும் கணக்குத் திறந்து கொடுக்கும் பொறுப்பு கிராணியான (தோட்ட எழுத்தரான) என்னிடம் வந்ததால், இருந்த வழிகள் எல்லாவற்றையும் பார்க்க நேர்ந்தது.

முதலில் எங்கள் நிறுவனத்துக்கென உள்ள தனி முகவரியைத் தட்டச்சு செய்ய வேண்டும். பொதுப் பக்கத்தின் வழியாக நுழைந்த சிலர், யாருமே இல்லாத புதிய பணித்தளம் ஒன்றைத் தாங்களே உருவாக்கிவிட்டு, மற்றவர்கள் எங்கே என்று கேட்டார்கள். முகவரி சரியாக இருந்தால், கூகல் கணக்கு வழியாகவா, மின்னஞ்சலுக்கு வரும் எண் வழியாகவா, கடவுச்சொல் வழியாகவா என்று திரை கேட்கும். மண்டோர்களில் பலருடைய ஜிமெயில், கைப்பேசி வாங்கிய அன்று கடைக்காரர் திறந்து கொடுத்தது. அதன் கடவுச்சொல் அவர்களுக்குத் தெரியாது. ஆகவே நிறுவன மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்து, அதற்கு மேல் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் வைப்பதென முடிவாயிற்று.

குறுஞ்செய்தியில் எண் அனுப்பும் முறையையே எல்லோரும் விரும்பினார்கள். வங்கிகள் குறுஞ்செய்தியில் அனுப்பும் டேக் (TAC) எனும் ஒருமுறை எண்ணில் பழகிய கை அது. ஆனால் எங்கள் தோட்டத்தின் உள் டிவிஷனில் கைப்பேசி லைன் கிடைப்பதே அரிது. மேட்டுக்கு ஏறிப் போனால் வரும் செய்தி, பெரும்பாலும் காலாவதியான எண்ணையே கொண்டுவரும். பாதுகாப்பைப் பார்த்தாலும் அது வலுவான வழி அன்று. குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டு வேறு முறைகளுக்கு மாறும்படி மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளைக் கேட்டுக்கொண்டது நினைவிருக்கலாம்.

எங்களுக்குக் கைகொடுத்தது 6 இலக்க எண்ணைத் தானே உருவாக்கும் அங்கீகாரச் செயலி. கணினித் திரையில் தோன்றும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் ஒருமுறை வருடினால், ஒரு ரகசியச் சாவி இரு பக்கமும் பதிவாகிவிடும். அதன் பிறகு அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் கொண்டு 30 விநாடிக்கு ஓர் எண்ணைக் கைப்பேசியே கணக்கிட்டுக்கொள்ளும் என்பதால், எண்ணைப் பெற லைனே வேண்டியதில்லை. இந்தக் கணக்கு முறை 2011இல் பொதுத் தரமாக வெளியிடப்பட்டது. கியூஆர் குறியீட்டைப் படம்பிடித்துக் குழுவில் போட்டால், பார்க்கிறவர் எவரும் அதே எண்களை எடுத்துவிடலாம் என்பதை நான் கண்டிப்புடன் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு மூத்த மண்டோரின் எண் மட்டும் விடாமல் நிராகரிக்கப்பட்டது. பெரட்டுக்கு (காலையில் ஆள் எடுக்கும் கூட்டத்துக்கு) தாமதமாகிவிடக் கூடாது என்று அவர் கைப்பேசிக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னதாக ஓட வைத்திருந்தார்! நேரத்தைத் தானியங்கி அமைப்புக்கு மாற்றியதும் எண் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவருக்கோ அதில் மகிழ்ச்சியே இல்லை.

கடவுச்சொல்லே வேண்டாத பாஸ்கீ முறையையும் பார்த்தோம்; கைப்பேசியில் சேமித்த ஒரு சாவியை, விரல் ரேகையாலோ திரைப்பூட்டாலோ திறந்து நுழையும் வழி அது. அதன் தனிச்சாவி போலித் தளத்தில் வேலை செய்யாது என்பதால் என் தேர்வு அதுவே. குலை வெட்டித் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கைப்பேசி பல வேளைகளில் படிக்க மறுத்தாலும், திரைப்பூட்டைத் திறக்கும் ரகசிய எண்ணே (PIN) அதற்குப் போதும். ஆயினும் சில பழைய கைப்பேசிகளில் அது இயங்கவில்லை. ஆகவே அங்கீகாரச் செயலி, பாஸ்கீ ஆகிய இரண்டு முறைகளும் நடப்பில் உள்ளன.

கைப்பேசி கையில் இல்லாதபோது நுழைவதற்காகக் கணக்குத் திறக்கும்போது தரப்படும் மாற்று எண்களை அச்சிட்டு, ஒவ்வொருவருக்கும் தனி உறையிலிட்டு, அலுவலக இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம். ஒவ்வோர் எண்ணும் ஒருமுறைதான் செல்லும். புதுக் கைப்பேசி வாங்குகிறவர்கள் பழையதை விற்பதற்கு முன் இரண்டையும் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து செயலியை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன்.