நீங்க-வும் ங்க-வும்

கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலைக்கு விலை கட்டவில்லை என்ற ஒரே சங்கதி, ஒரே ஆளின் வாயில் மூன்று விதமாக வரும். பக்கத்துத் தோட்டக்காரரிடம், "என்னப்பா, இந்த ரேட்டுக்குப் பறிகூலிகூடத் தேறாது." கொழுந்து எடை போட வரும் ஏஜென்ட்டிடம், "ஏனுங்க, இந்த மாசமாவது கொஞ்சம் பாத்துப் போடக்கூடாதுங்களா?" கலெக்டர் ஆபீஸ் மனுவில் அதே கொழுந்து 'பசுந்தேயிலை' ஆகி, "உரிய விலை கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடியும்.

தமிழ் பேசப் பழகுபவர்கள் 'நீங்க'-வைப் பிடித்துக்கொண்டு, வினையைக் கோட்டைவிடுகிறார்கள். "நீங்க உக்காரு" என்றால் மரியாதை போய்விட்டது. பேச்சில் 'நீ', 'நீங்க' பாதி நேரம் வருவதே இல்லை. "சாப்டியா", "சாப்டீங்களா" என்பதில் வால்தான் எல்லாம். ஒருவரைப் பன்மையில் சொல்வதை வழக்கு என்று ஒப்புக்கொண்ட தொல்காப்பியமே, அது இலக்கண நெறி அல்ல என்றும் சொல்லிவைத்தது. வழக்கு ஜெயித்துவிட்டது.

கேட்பதிலும் படிகள் உண்டு: குடு, குடுப்பா, குடுங்க, குடுங்களேன், குடுக்க முடியுங்களா. 'குடுங்களேன்'-இல் ஒரு கெஞ்சல் ஒட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவிடம் எடுபடும். பேங்க் கவுன்டரில் நச்சரிப்பாகத்தான் கேட்கும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்த கொங்கு 'ங்க' வேறு கணக்கு. அது யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்கு அல்ல, கேட்டுக்கொண்டிருப்பவருக்கு. "பையன் வந்துட்டானுங்க" என்றால் 'ஆன்' மகனுக்கு, 'ங்க' எதிரில் நிற்பவருக்கு. சென்னைக் காதுக்கு இதுவே "அவனுங்க வந்துட்டானுங்க" மாதிரி கேட்கும். எத்தனை பசங்க என்று கேட்டாலும் கேட்பார்கள்! மகனைப் பற்றி "வந்துட்டாருங்க" என்று சொன்னாலோ கிண்டல் என்று அர்த்தம்.

நீலகிரிப் படுகர் வீட்டில் அவர்கள் மொழியான படுகு ஓடிக்கொண்டிருக்கும்போது தமிழ்க்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் பேச்சு தமிழுக்குத் திரும்பும். அங்கே மொழியை மாற்றுவதே உபசாரம்.

எதிராளியின் வயசும் நிலையும் பிடிபடாவிட்டால் ஆளையே வாக்கியத்திலிருந்து எடுத்துவிடலாம். குன்னூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் "எங்க இறங்கணும்?", "ஊரு எது?", "எப்ப வந்தது?" என்று கேட்டால் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. இரண்டு கேள்வி தாங்கும். மூன்றாவதும் அப்படியே வந்தால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். அதற்குள் 'அண்ணா'-வோ 'தம்பி'-யோ முடிவாகிவிட வேண்டும்.