நீல மூர் தவளை: இந்த வசந்தத்தில் பார்த்தவரை

ஜெர்மனியின் பிராண்டன்புர்க் பக்கம் ஈரப் புல்வெளிகளில் மூர் தவளையைத் தேடிப் படமெடுப்பது இந்த மார்ச்சில் நன்றாகவே கைகூடியது. அறிவியல் பெயர் ரானா அர்வாலிஸ். நீளம் 5 முதல் 7 செ.மீ. வருடம் முழுக்கப் பழுப்பாக இருக்கும் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் சில நாட்கள் மட்டும் நீலமாகிவிடும். பெண் பழுப்பாகவே இருக்கும்.

தண்ணீரில் மிதந்தபடி ஆண் கூப்பிடும்போது உடம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன அலை வட்டங்கள் கிளம்புகின்றன. குரல் சன்னமானது, காலிப் பாட்டிலைத் தண்ணீரில் அமுக்கினால் வரும் குளக் குளக் சத்தம் மாதிரி. நாம் கொஞ்சம் அசைந்தால் போதும், எல்லாம் உள்ளே போய்விடும். கரையிலேயே பேசாமல் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு தலையாக மேலே வரும். நீரின் பளபளப்பு நீலத்தை விழுங்கிவிடுகிறது. லென்ஸில் போலரைசர் மாட்டிய பிறகுதான் நிறம் சரியாக வந்தது.

நீலம் போன பிறகு கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. ரானா டெம்பொராரியா என்ற இன்னொரு பழுப்புத் தவளையும் ஜெர்மனியில் பரவலாக உண்டு. இரண்டுக்கும் கண்ணுக்குப் பின்னால் கருந்திட்டு இருக்கும். மூர் தவளைக்கு மூக்கு கூர்மை, வயிற்றில் புள்ளி கிடையாது, பலவற்றுக்கு முதுகு நடுவே வெளிர் கோடு ஓடும். பின்னங்கால் பாதத்தில் உள்ள கெட்டியான குமிழும் நல்ல அடையாளம்தான். ஆனால் இது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இனம், கையில் பிடிக்கக் கூடாது. அதனால் பக்கவாட்டில் படமெடுத்து மூக்கைப் பார்ப்பதே என் வழி.

அப்புறம், இடத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடுகிறது. கோரை அடர்ந்த, வெயில் படும், ஆழமில்லாத நீர்தான் இதற்குப் பிடிக்கும். சதுப்பின் லேசான அமில நீரையும் தாங்கும். அமிலம் மிஞ்சினால் முட்டைகள் பூஞ்சை பிடித்து வீணாகும். அதைவிடப் பெரிய ஆபத்து வடிகால். வாய்க்கால் வெட்டி வடித்த புல்வெளியில் மழையும் பொய்த்தால் நீர் பின்வாங்கி, முட்டைத் திரள்கள் சேற்றில் காய்ந்துவிடும். அப்படிக் கிடந்ததைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

இப்போது தலைப்பிரட்டைகள் வந்தாயிற்று. கோடையில் அவை கரையேறும்போது, அந்தக் குட்டிகளிடம் மூக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.