எங்கள் பொடிக்கடைக்குப் படம் தேடியபோது

மேற்கு மாம்பலத்தில் அம்மாவும் நானும் இட்லிப்பொடி, பருப்புப்பொடி, ரசப்பொடி வறுத்து அரைத்து விற்கிறோம். வெப்சைட் ஆரம்பித்த அவசரத்தில், கூகுளில் கண்ணில் பட்ட இட்லிப் படம் ஒன்றை எடுத்து முகப்பில் போட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து, படம் எடுத்தவரிடமிருந்து மெயில் வந்தது. மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். எனக்குத்தான் கை நடுங்கியது. அன்றே படத்தை நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். நம் நாட்டில் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் எடுத்தவரின் வாழ்நாள் முழுக்க, அதற்கு மேல் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. நெட்டில் கிடக்கிறது என்பதால் யாருடையதோ நம்முடையதாகிவிடாது.

சரி, முறையாகவே எடுப்போம் என்று, ஆயத்தப் படங்களை உரிமத்தோடு தருகிற ஸ்டாக் தளங்களுக்குப் போனேன். 'ராயல்டி ஃப்ரீ' என்றால் இலவசம் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஒருமுறை பணம் கட்டினால், உரிமத்தில் சொன்ன அளவுக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். 'எடிட்டோரியல்', அதாவது செய்தி, கட்டுரைகளுக்கு மட்டும் என்று போட்டிருந்தால் விளம்பரத்துக்குத் தொடவே கூடாது. அன்ஸ்பிளாஷ், பெக்செல்ஸ் என்ற இலவசப் படத் தளங்களில் காசில்லாமலே வியாபாரத்துக்கு எடுக்கலாம். ஆனால் படத்தில் இருப்பவர் நம் பொருளைப் பரிந்துரைப்பது போலக் காட்டக் கூடாது.

சாம்பார் என்று தேடி, அழகான வெள்ளைக் கிண்ணம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "இது கொத்தமல்லி இல்லைடி. நம்ம ஊர் தழையே இல்லை." பெரிதாக்கிப் பார்த்தால் பார்ஸ்லி! படத்தை வைத்தே தேடுகிற கூகுள் லென்ஸில் அதே படத்தைப் போட்டேன். வேறொரு மசாலாக் கம்பெனியின் பக்கத்திலும் அதே கிண்ணம்.

அதோடு சமைத்த பண்டத்தைத் தேடுவதை விட்டேன். காய்ந்த மிளகாய், மிளகு, தனியா, மரப்பலகை என்று தேடினால் நல்ல படங்கள் வந்தன. சமையல் குறிப்புகளுக்கும் பக்கத் தலைப்புகளுக்கும் அவைதான். ஒரே மாதிரி வெளிச்சம் உள்ளவையாகப் பொறுக்கினேன், பக்கம் பார்க்க ஒரு கடையாகத் தெரிந்தது. 6000 பிக்சல் அகலப் படத்தை அப்படியே ஏற்றினால் போனில் திறக்கவே நேரமாகும். 1600க்குக் குறைத்து, கோப்பின் அளவு சிறிதாகிற வெப்பி (WebP) வடிவில் மாற்றி ஏற்றினேன்.

விற்கிற பொடிக்கு மட்டும் எங்கள் படம்தான். காலை எட்டு மணிக்கு பால்கனியில் வெள்ளை சார்ட்டை விரித்து, எவர்சில்வர் தட்டில் பொடியைக் குவித்தோம். அம்மா விரலால் நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றினார். எண்ணெய் ஓரங்களில் ஊறி, பொடி கருஞ்சிவப்பாக மாறுகிற அந்த நொடியை என் போனிலேயே எடுத்தேன். எந்த ஸ்டாக் தளத்திலும் எனக்கு அது கிடைக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு படத்துக்கும் எங்கே, எந்தத் தேதியில், எந்த உரிமத்தில் எடுத்தேன் என்று நோட்டில் எழுதுகிறேன். உரிமப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்கிறேன். தளங்கள் விதியை மாற்றும். அன்ஸ்பிளாஷே 2017இல் மாற்றியது.