அரக்கு காயாத கார்த்திகை

நவம்பர் 18

மழை. அண்ணனுக்குச் செய்யும் சுவர்க் கடிகாரத்தில் அரக்கு காயவில்லை.

நவம்பர் 19

கொஞ்சம் வெளுத்ததே என்று துணியை உருட்டி இன்னொரு கை பாலிஷ் ஓட்டினேன். சற்று நேரத்தில் மேல்சட்டம் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும், காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்து அரக்குக்குள் மாட்டிக்கொள்ளும். நல்ல வெயில் நாளில் ஸ்பிரிட் தொட்ட துணியால் லேசாக இழுத்தால் போய்விடும். வெயில் வரட்டும்.

மெலமைன் வார்னிஷ் அடிச்சிடலாம் என்கிறான் பட்டறைப் பையன். சாப்பாட்டு மேசைக்கு அடிக்கலாம். இதுக்கு மாட்டேன்.

அண்ணி போன் பண்ணவில்லை.

நவம்பர் 20

“டாக்டர் இன்னும் ரவுண்ட்ஸ் வரலை தம்பி. வந்ததும் சொல்றேன்.” அவ்வளவுதான். சாயங்காலம் வரை பட்டறையில் ஒரு வேலையும் ஓடவில்லை.

நவம்பர் 22

கடிகாரத்துக்கு எடுத்த மரம் எங்கள் பழைய காவேரிப்பட்டினம் வீட்டுத் தலைவாசல் நிலை. இடித்தபோது விறகுக்குப் போகாமல் நான் எடுத்து வைத்தது. இழைப்புளி போட்டதும் உள்ளே தேன் நிறம், எண்ணெய் வாசனை. அத்தனை வருஷத்துக்கு அப்புறமும் தேக்கு தேக்குதான். ஆணித் துளைகளைச் சுற்றி மட்டும் கறுப்பு வளையம். இரும்பும் ஈரமும் சேர்ந்தால் மரத்துக்குள் அப்படி இறங்கிவிடும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மரத்தூளையும் அரக்கையும் குழைத்துத் துளையை அடைக்கலாம். வாடிக்கையாளர் என்றால் அடைத்திருப்பேன். அண்ணனுக்கு அந்தத் துளைகள் தெரியும், அதிலொன்றில் காலண்டர் மாட்டியவரே அவர்தான். மேல்நிலைத் துண்டைக் கடிகாரத்தின் நெற்றிக்கு வைத்திருக்கிறேன். அண்ணன் ப்ளஸ் டூ படிக்கும்போது உயரமாக வளர்ந்தவர், அதன் பிறகு அந்த வீடு இருந்த வரைக்கும் அதில் தலையை இடித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் நிலையைத்தான் திட்டுவார்.

நவம்பர் 23

பாலக்கோட்டு வாத்தியார் வந்து முகப்பைப் பார்த்துவிட்டு, “ரோமன் நாலு தப்பா இருக்கு, நாலு கோடு போட்டிருக்கீங்க” என்றார். கடிகாரத்தில் பழைய வழக்கமே அதுதான், எதிரே இருக்கிற எட்டோடு எடை ஒத்துப்போகும் என்றேன். நம்பவில்லை. டீ குடித்துவிட்டுப் போனார்.

நவம்பர் 25

சாவி கொடுத்து ஓட விட்டேன். டிக்… டக்-டிக்… டக். நொண்டுகிறது. சுவர் சாய்வில்லை, நீர்மட்டம் வைத்துப் பார்த்தாயிற்று. ஊசலைத் தள்ளும் கம்பியை ஒரு நூல் இடப்பக்கம் வளைத்தேன், கொஞ்சம் சரியானது. தகர ஓட்டில் மழை விழும் சத்தத்தில் இதற்குமேல் காது கேட்காது.

ஊசல் தண்டும் மரம்தான். மரம் நார் ஓடும் திசையில் சூட்டுக்கு அவ்வளவாக நீளாது, இரும்பைவிட நல்லது. ஆனால் ஈரம் குடிக்கும். அதனால் தண்டுக்கும் அரக்கு, முனைகளுக்கு இரண்டு பங்கு. 25 செ.மீ. ஊசலில் ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஒரு நாளைக்கு மூன்று நிமிடம் பின்தங்கும்.

ரிப்போர்ட் வியாழன் என்றார்கள். அப்புறம் சனி.

நவம்பர் 26

தூக்கமில்லை. அந்தக் காலத்து ஆங்கிலேயக் கடிகாரக்காரர் ஜான் ஹாரிசனைப் பற்றி நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். தச்சர், 1693இல் பிறந்தவர். சக்கரங்களை மரத்திலேயே செய்தார், உராயும் இடங்களுக்குத் தானே எண்ணெய் கசியும் மரத்தைப் போட்டார். 1720களில் ஓர் இங்கிலாந்துப் பண்ணையில் மாட்டிய கடிகாரம் எண்ணெய் விடாமலே ஓடுகிறது. அவர் ஊரிலும் மழைதானே. எப்படிக் காயவைத்தார்?

நவம்பர் 27

போன் வரவில்லை. நானாகப் பண்ணவும் பயம்.

நவம்பர் 29

வெயில்! பூத்ததெல்லாம் ஒரே இழுப்பில் போனது. 400 உப்புத்தாள், அப்புறம் தேன்மெழுகு. நெற்றிப் பலகையில் முகம் தெரிகிறது.

அண்ணி மதியம் பேசினார். காலையிலேயே கிளம்பி வரச் சொன்னார், வேறெதுவும் சொல்லவில்லை. கடிகாரத்தைக் கொண்டுபோவதென்றால் ஊசலைக் கழற்றித் தனியாகத்தான் சுற்ற வேண்டும், மாட்டியபடி தூக்கினால் மேலே இருக்கும் மெல்லிய தகடு முறிந்துவிடும். ஓசூர் பஸ் ஐந்தரைக்கு. அண்ணனுக்கு லுங்கி இரண்டு எடுத்து வைக்கணும்.