தம்பிக்கு ஒன்பது பட்டன் போதுமா?

என் தம்பிக்கு 19 வயது. பெருமூளை வாதம். பேச வராது, ஆனால் நாம் பேசுவது அத்தனையும் புரியும், கிண்டல் உட்பட. ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்குவான், இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வீட்டுக்குள் இது ஓடிவிடும். வெளியாட்களிடம் எடுபடாது. அதனால்தான் பட்டனை அமுக்கினால் பேசும் சாதாரணக் கருவி ஒன்றைத் தேட ஆரம்பித்தோம்.

கருவி கைக்கு வந்தால் வருகிற ஒன்றிரண்டு சத்தமும் நின்றுவிடும் என்று உறவில் சிலர் பயமுறுத்தினார்கள். பேச்சுக்கு மாற்று வழி பழகியவர்களைப் பற்றி 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பை ஸ்பீச் தெரபிஸ்ட் எடுத்துச் சொன்னார். அதில் உறுதியான சான்று இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சம் கூடியிருந்தது. அதோடு அந்தப் பயத்தை விட்டோம்.

கருவிகளைப் பார்ப்பதற்கு முன்னால், அவன் என்னவெல்லாம் சொல்ல ஆசைப்படுவான், எங்கே, யாரிடம் என்று எழுதிவரச் சொன்னார் தெரபிஸ்ட். தண்ணி, பசி, பாத்ரூம் என்று அம்மா வரிசையாக எழுதினார். படித்துக் காட்டினால் எல்லாவற்றுக்கும் முகத்தைத் திருப்பினான். நியாயம்தான், அதெல்லாம் கண்ணாலேயே சொல்லிவிடுகிறானே. பிறகு நான் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அவன் கண் மேலே போனவற்றை மட்டும் குறித்தேன். "இருங்க, நான் இன்னும் முடிக்கல." "என்கிட்டயே கேளுங்க, அக்காகிட்ட இல்ல." "மேட்ச் என்னாச்சு?" அப்புறம், "போடா டேய்." கடைசி வாக்கியத்துக்கு அம்மா முகம் சுளித்தார். கூட்டாளிகளோடு இருக்கும் பையனுக்கு அது இல்லாமல் எப்படி?

இந்தப் பட்டியலை வைத்துப் பார்த்ததும் பாதி கருவிகள் தானாகவே கழிந்துவிட்டன. பிக்மேக் என்பது உள்ளங்கை அகலத்துக்கு ஒரே பட்டன், ஒரே செய்தி. பொத்தானை அமுக்கினால் ஏதோ நடக்கிறது என்று பழகத் தொடங்குபவர்களுக்கு அருமையானது, இவனுக்குப் பத்தாது. ஸ்டெப்-பை-ஸ்டெப்பில் ஒவ்வொரு அமுக்கலுக்கும் அடுத்த வாக்கியம் வரும். ஜோக் சொல்ல நல்லது, ஆனால் வேண்டியதை நடுவில் எடுக்க முடியாது. கோ-டாக் 9+ (GoTalk 9+) பொருந்தி வந்தது. ஒன்பது பட்டன், ஐந்து லெவல்; லெவலை மாற்றினால் அதே பட்டன்கள் வேறு செய்திகளைப் பேசும். லெவலை மாற்றினாலும் மாறாத மூன்று பட்டன்கள் தனியாக உண்டு. "இல்லை", "போதும்", "இங்க வாங்க" மூன்றையும் அவற்றில் போட்டோம். மறுப்புச் சொல்லும் பட்டன் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஒன்று கவனியுங்கள்: எந்தப் பட்டன் என்ன பேசும் என்று காட்டப் பட்டன்கள் மேல் வைக்கும் படத்தாளை மாற்றும்போது லெவலையும் மாற்ற வேண்டும். மறந்தால் படம் ஒன்று, குரல் வேறு.

பார்த்தவுடன் வாங்கிவிடவில்லை, கைக்குச் சரிப்படுமா என்று சோதித்தோம். அவன் விரலால் அமுக்க மாட்டான், மூடிய கையின் ஓரத்தால்தான். மேசையில் தட்டையாக வைத்தபோது கை சறுக்கிப் போய் பக்கத்துப் பட்டனும் சேர்ந்து கத்தியது. சாய்வாக நிறுத்தி, ஒவ்வொரு பட்டனுக்கும் துளை விட்ட கீகார்டு மூடியைப் போட்டதும் கையை அதன் மேலேயே ஊன்றிக்கொண்டு வேண்டிய துளைக்குள் இறக்கினான். முதலில் அமுக்கியது எது என்று சொல்ல வேண்டியதில்லை. அம்மாவே சிரித்துவிட்டார்.

நாமே பதிவு செய்யும் கருவியில் மொழி ஒரு தடையே இல்லை, நம் பேச்சுத் தமிழே வரும். ஆனால் என் குரலில் அவன் பேசுவது நன்றாக இருக்காது. அவன் வயதொத்த அத்தை மகனைப் பிடித்து, ஃபேனை அணைத்துவிட்டு, ரெக்கார்ட் செய்தோம்.

வாங்கப் போகிறவர்கள் பேட்டரியைக் கழற்றினாலும் பதிவு அழியாமல் இருக்கிறதா, கூட்டத்தில் சத்தம் கேட்கிறதா, ரெக்கார்டைப் பூட்ட வழி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். படத்தாள்களின் நகலைப் பையிலும் வைத்திருங்கள், பேட்டரி தீர்ந்தால் அதைக் காட்டியே பேசலாம்.

குறையும் இருக்கிறது. பதிவு செய்யாததை அவனால் சொல்ல முடியாது. சில நேரம் எல்லாப் பட்டன்களையும் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறான். இதில் இல்லை என்று அர்த்தம். ஸ்விட்சால் எழுத்தைத் தேர்ந்தெடுத்துப் பேச வைக்கும் டேப்லெட்டை அடுத்ததாகப் பழக்கலாம் என்கிறார் தெரபிஸ்ட். அதற்கு முதலில் அவன் எழுத்துக்கூட்டப் பழக வேண்டும், இப்போது மாலையில் அதுதான் நடக்கிறது.