ஆகஸ்ட் 15-க்காகப் பாடத்தை முன்னால் இழுத்த கதை

2025 ஆகஸ்ட் 4, திங்கள்
ஒன்பதாம் வகுப்பு உள்ளாட்சிப் பாடத்தை இந்த வாரமே எடுத்துவிட்டேன். பதினைந்தாம் தேதி கிராம சபை. அதைப் பார்க்காமல் பரீட்சை நேரத்தில் ஓட்டமாக நடத்தி என்ன பிரயோஜனம். அப்பாவின் டெஸ்ட் ரிப்போர்ட் வியாழக்கிழமை என்றார்கள்.

ஆகஸ்ட் 5
குடவோலை, அதாவது சோழர் காலத்து ஊர்த் தேர்தல். உத்திரமேரூர் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் என்று பெருமையாகத்தான் ஆரம்பித்தேன். தகுதிகளைப் போர்டில் எழுதினேன்: 35 முதல் 70 வயது, கால் வேலி அளவுக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு. நடு பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அப்போ எங்க அப்பா நிக்கவே முடியாதா டீச்சர்?" என்றாள். அவள் அப்பா செங்கல் சூளையில் வேலை. முடியாது என்றேன். நானும் முடியாது, பெண் என்பதால். கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் நிற்க முடியாது என்ற விதியைச் சொன்னதும்தான் வகுப்பே சிரித்தது. எதற்குச் சிரித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6
அப்பா ராத்திரி மூன்று முறை எழுந்தார். தூக்கம் இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்
ரிப்போர்ட் வரவில்லை. திங்கள் என்கிறார்கள்.

மாதிரித் தேர்தல் வைத்தோம். வார்டு மெம்பருக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நாலு கலர் தாள் வாங்க நாற்பது ரூபாய் ஆயிற்று. வெள்ளைக்கும் ரோஸுக்கும் அடிதடி. மஞ்சள் சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்கள். "மாவட்டக் கவுன்சிலர்னா யாரு டீச்சர்?" வேலையைச் சொல்லிவிட்டேன். பேரைக் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். 2021 அக்டோபரில் நானும் மஞ்சள் சீட்டில் குத்திவிட்டுத்தானே வந்தேன், யாருக்கு என்று இப்போது ஞாபகமே இல்லை.

ஆகஸ்ட் 8
கண்ணமங்கலம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண் இன்று எழுந்து நின்றாள். "அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ எலெக்‌ஷன்னு புக்குல இருக்கு. எங்க ஊர்ல ஜனவரியிலேருந்து தலைவரே இல்ல டீச்சர்." இதை எப்படி மறந்தேன்! அவள் ஊர் திருவண்ணாமலை மாவட்டம், பஸ்ஸில் இருபது நிமிஷம். அங்கே 2019 டிசம்பரில் தேர்தல், பதவிக்காலம் இந்த ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர் கையில் இருக்கிறது. நமக்கு அப்போது வேலூர் மாவட்டத்தைப் பிரித்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஆக்கிய சமயம். அதனால் ஒன்பது மாவட்டங்களைத் தள்ளிவைத்து 2021-இல்தான் நடத்தினார்கள். ஆகவே இங்கே தலைவர் உண்டு, அங்கே இல்லை. இதைப் படம் போட்டு விளக்கினேன். அவள் விடவில்லை. "தேதி முடியறது முன்னாடியே தெரியும்ல டீச்சர், அதுக்குள்ள நடத்தலாம்ல?" ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்றுதான் அரசியல் சட்டமும் சொல்கிறது. 73-ஆவது திருத்தம் என்று எழுதிப் போட்டேன். பெல் அடித்தது, தப்பித்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்
பெரிய டாக்டர் லீவாம்.

ஆகஸ்ட் 13
பிள்ளைகளைக் கிராம சபைக்குக் கூட்டிப்போக ஹெச்.எம். சரி என்றார், ஆனால் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாதாம். கிராம சபையில் பேசுவதற்குத்தானே வாய்? சரி, சின்னப் பிள்ளைகள்தான், ஓட்டு இல்லை. அப்பா இன்று இட்லி ஒன்றரை சாப்பிட்டார். ஒன்றரை என்று இங்கே எழுதிவைக்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 15
கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு பதினோரு பிள்ளைகளோடு போனேன். வேப்பமரத்தடி, சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி. மூவாயிரத்துக்கு மேல் ஜனத்தொகை என்றால் 200 பேர் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன், சொல்லிக் கொடுத்ததுதான் தப்பாய்ப் போயிற்று. ஒருத்தன் உட்கார்ந்து எண்ணினான். "எழுபத்தி மூணு டீச்சர், நம்மள சேர்க்காம." கையெழுத்து நோட்டு நாற்காலி நாற்காலியாகப் போய், அப்புறம் தெருப்பக்கமும் போனது. அவன் அதையும் பார்த்தான். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

தலைவர் அம்மா மைக்கைப் பிடித்து வரவேற்றார், மீதி எல்லாம் அவர் வீட்டுக்காரர்தான் பேசினார். பாதி இடம் பெண்களுக்கு என்று போன வாரம் போர்டில் எழுதியவள் நான்.

கடைசி பெஞ்ச் பையன் பேசக் கூடாது என்றதால் தன் தெருக் குழாய்க் கேள்வியைத் தாளில் எழுதி அவன் ஆயா கையில் கொடுத்திருந்தான். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. தாளைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தது. "டேங்க் ரொம்பி வழியுது, எங்க தெருவுக்கு சொட்டு வரல, இன்னாபா கணக்கு இது?" பைப் லைன் மேடு என்று ஏதோ சொன்னார்கள். ஆயா உட்காரவே இல்லை. செயலரைப் பார்த்து, "எழுதினியா? படிச்சுக் காட்டு" என்றது. எழுதியிருக்கவில்லை. எழுதினார். படித்தும் காட்டினார்.

ஆகஸ்ட் 17
அந்தப் பையன் கண்ணில் பட்டான். குழாயில் இன்னும் வரவில்லையாம். இரண்டு நாள்தானே ஆகிறது என்றேன். எனக்கு மட்டும் பத்து நாளாக ஒரு ரிப்போர்ட்டுக்குப் பொறுமை இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்
ஃபோன் வந்தது. நேரில் வரச் சொல்கிறார்கள், கூட ஒருத்தரை அழைத்துக்கொண்டு. நாளைக்கு லீவு சொல்லியாயிற்று. கலர் தாள் பீரோவில் இரண்டாம் தட்டில் இருக்கிறது, மஞ்சள்தான் நிறைய மீதி