ஐஸில் வைத்த ரத்தம்

காரைக்குடியில் ஒரு லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்த புதிது. கானாடுகாத்தானில் ஓர் ஆச்சிக்கு ரத்தம் எடுக்க அனுப்பினார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரில், அத்தனை பெரிய வீட்டில் ஆச்சியும் சமையல்கார அம்மாவும்தான். எடுத்து முடித்ததும் காப்பியும் மணகோலமும் வந்தன. வேண்டாமென்றால் விடுவாரா? வளவில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஊர்க்கதை கேட்டேன். சித்திரை வெயிலில் கெட்டுவிடக் கூடாதே என்று டியூப்பை மட்டும் கவனமாக ஐஸ் பெட்டியில் வைத்திருந்தேன்.

லேபுக்கு வந்தால் கரண்ட் இல்லை, ரத்தத்தைச் சுழற்றிச் சிவப்பணுவையும் சீரம் என்கிற தெளிந்த நீரையும் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் ஓடாது. சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஐஸோடு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் பொட்டாசியம் 7.1 என்று வந்தது. 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது. 7-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். டாக்டர் பதறி ஆச்சியை வரவழைத்து ஈசிஜி எடுத்தார். ஒரு குறையும் இல்லை. “இட்லி கூடத் திங்க விடாம கூட்டியாந்துட்டீங்களே தம்பி” என்றார் ஆச்சி. மறுபடி ரத்தம் எடுத்து உடனே பார்த்தோம். 4.3.

டாக்டர் திட்டவில்லை. “நேத்து எத்தனை மணிக்கு சுத்தவிட்டே?” என்று மட்டும் கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது.

சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம், வெளியே இருப்பதைப்போல இருபது மடங்குக்கும் அதிகம். சோடியம் நேர்மாறு, வெளியேதான் அதிகம். சவ்வு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இரண்டும் சிறுகச் சிறுகக் கசிந்து நிரவப் பார்க்கும். அதற்காகச் சவ்வில் ஒரு பம்ப் ஓய்வில்லாமல் வேலை செய்கிறது: செல்லுக்கு எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றின் செலவில் 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். குளிரில் இந்தப் பம்ப் சுணங்கிவிடும், கசிவு நிற்காது. ஓட்டைப் படகில் இறைக்கிறவன் தூங்கிப்போன கதைதான். நான் ரத்தத்தைக் காப்பாற்றவில்லை, ராத்திரி முழுக்கப் பொட்டாசியத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தப் பம்பை 1957-இல் கண்டு சொன்னவர் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ. நண்டுக் கால் நரம்பில் கண்டுபிடித்தார். (நம்மூரில் நண்டுக் கால் ரசத்துக்குத்தான் போகும்.) நோபல் பரிசு 1997-இல்தான் வந்தது. நாற்பது வருஷம்!

இதில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. சிவப்பணு உடைந்திருந்தால் சீரம் சிவந்து காட்டிக்கொடுத்திருக்கும். அன்றைய சீரம் வைக்கோல் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

உடைவதையும் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி, ரத்த வகை பார்க்க 0.9 சதவீத உப்புநீருக்குப் பதில் காய்ச்சி வடித்த நீரில் செல்லைக் கலந்துவிட்டாள். கலங்கலாக இருந்த டியூப், கண்ணெதிரே நன்னாரி சர்பத் மாதிரி தெளிந்தது. பின்னால் பேப்பரைப் பிடித்தால் எழுத்தைப் படிக்கலாம். தண்ணீர் உள்ளே பாய்ந்து அத்தனை அணுவும் வெடித்துவிட்டது. தண்ணீர் போகவென்றே சவ்வில் தனி வழி உண்டு; பீட்டர் ஆக்ரே அதைக் கண்டதும் இதே சிவப்பணுவில்தான், 2003-இல் நோபல் வாங்கினார்.

அடுத்த மாதம் ஆச்சியிடம் நடந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. உப்புப் போட்ட மாங்காய் நீர் விடுமே, அதுமாதிரி என்றேன். தப்பான உவமை. அங்கே உப்பைத் தேடித் தண்ணீர் வருகிறது. இங்கே உள்ளே இருந்த உப்பே வெளியே வந்துவிட்டது. ஆச்சி விடவில்லை. “அப்ப ஐஸ்ல வச்சா ரத்தத்துல உப்புக் கூடிருமா?” என்றார். கிட்டத்தட்ட சரிதான் என்றேன்.

டியூப்பை மூடி எழுந்ததும் வழக்கம்போல அடுப்படிப் பக்கம் பார்த்தேன். ஆச்சி சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். “மணி பத்தரை. காப்பியெல்லாம் அப்புறம். வண்டிய எடு.”